எஸ்தரம்மா வாங்கி வரச் சொன்ன டீ

போன மாதம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் என் அக்கா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள்... எதிர் வரிசையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்த மனிதர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

அப்படி என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. வெளிர்நீலப் புடவை கட்டிய ஒரு பெண்மணி, கையில் சின்ன பைபிளோடு, என் அக்கா வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவுதான்.

"ஐயோ முருகா! டாக்டரு கைய விரிச்சிட்டாரா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சர்ச்சுல இருந்து ஆள இட்டாந்துட்டீங்களே!"

அக்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அதையேதான் நினைத்தேன். நாம் பார்த்து வளர்ந்த சினிமா அப்படி. பைபிளோடு ஒருவர் கட்டில் பக்கம் வந்து தலையில் கை வைத்தால் அடுத்த காட்சியில் மணி அடிக்கும். முகத்தில் வெள்ளைத் துணி விழும். வேறு எதற்காவது அவர்கள் வந்து பார்த்திருக்கிறோமா?

வந்தவர் பதறவில்லை. சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார்.

"அக்கா, பயப்படாதீங்க. தோ, கடைசி பெட்டுல ஒரு அண்ணன் சட்ட மாட்டிகினு இருக்காரு பாருங்க... அவருகிட்டயும் தெனம் பேசிகினுதான் இருந்தேன். இன்னிக்கு டிஸ்சார்ஜ் ஆயி வூட்டுக்குப் போறாரு."

அக்கா எட்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டில்காரர் உண்மையாகவே பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்தப் பெண்மணியின் பெயர் எஸ்தர். மணவூர்க்காரர். வார்டு முழுக்க எஸ்தரம்மா. மிஷன் ஆஸ்பத்திரிகளில் சேப்ளின் என்று ஒரு வேலை இருக்கிறது — எனக்கே அன்றுதான் தெரியும். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஊசி போட மாட்டார்கள், பில் கேட்க மாட்டார்கள். நோயாளி பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும். விரும்பினால் ஜெபம் செய்ய வேண்டும். இதற்கென்று படித்து, பாஸ்டராகப் பட்டம் வாங்கி, தினமும் காலையில் வந்து இதையே செய்கிற ஆட்கள்.

இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நானும் நினைத்தேன். பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு யாராவது சம்பளம் தருவார்களா? மேடைப் பேச்சாளனான எனக்கெல்லாம் வாயைத் திறந்தால்தான் சோறு!

சரி, பாவா கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை. அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம், அப்பாவை நைனா என்போம். பாவா பெயர் தணிகாசலம். திருத்தணிக்காரருக்கு வேறு என்ன பெயர் இருக்கும்? வீட்டிலேயே பவர்லூம். இரண்டு தறிக்கு நடுவில் நாளெல்லாம் நின்றபடி வேலை. ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் புஷ்பக் காவடி எடுத்து, செருப்பில்லாமல் மலைப்படி ஏறுகிற மனிதர். பேச்சு குறைவு. தறி போடுகிற சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டாரோ என்னவோ.

சர்க்கரை உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். தறிக்கடியில் கிடந்த ஒரு ஆணி வலது காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரைக்காரர் பாதத்துக்கு வலி தெரியாதே... அதோடு நாள் கணக்கில் நின்றிருக்கிறார். அக்கா பார்க்கும்போது விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் கறுப்பு கணுக்கால் வரை ஏறிவிட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். எடுக்கலேன்னா விஷம் ரத்தத்துல கலந்துடும். அப்புறம் எங்க கையில இல்ல."

பாவா ஒரே வார்த்தைதான் சொன்னார். "வேணாம்."

ஏன் என்று கேட்டால் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அக்கா அழுதாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பவித்ரா லீவு போட்டு ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தக் காலையேதான்! ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பை பையாகச் சாத்துக்குடி வாங்கி வந்து, சர்க்கரை நோயாளிக்குப் பிழிந்து கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு புத்திமதியும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் சும்மா இருப்பேனா? செயற்கைக் கால் வைத்துக்கொண்டு மலை ஏறியவர்கள், ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள், நாட்டியம் ஆடியவர்கள்... ஒரு பட்டியலே ஒப்பித்தேன். இடையில் கொஞ்சம் ஜோக். முடிவில் கொஞ்சம் கண்ணீர். மேடையில் பேசினால் கைதட்டல் நிச்சயம் என்கிற மாதிரி ஒரு பேச்சு.

பாவா கேட்டார். "முட்சிட்டியா மச்சான்?"

"ஆங்."

"அந்த ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணு."

இந்த நிலைமையில்தான் டாக்டர் எஸ்தரம்மாவை அனுப்பியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேகம் இருந்தது. பாவா பலவீனமாகப் படுத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்து மதப் பிரசாரமா? ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மாட்டில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

பாவாவும் முன்னெச்சரிக்கையாகச் சொன்னார். "நாங்க முருகன் கோயில்காரங்கம்மா."

"தெரியுதுங்க ஐயா. நெத்தியிலேயே இருக்குதே. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கட்டுங்களா?"

"குந்து."

உட்கார்ந்தார். பைபிள் பைக்குள் போய்விட்டது. பிறகு... ஒன்றும் இல்லை. அவர் பேசவில்லை. பாவாவும் பேசவில்லை. ஃபேன் சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். அந்தம்மா கடிகாரம் பார்க்கவில்லை, செல்போன் எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பாவாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மௌனம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தொண்டையில் அரிப்பெடுத்தது.

"மேடம், நீங்களாவது நல்லா எடுத்துச் சொல்லுங்க. இந்தக் காலத்துல செயற்கைக் கால்ங்கறது..." என்று ஆரம்பித்தேன்.

எஸ்தரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், எனக்கு ஒரு டீ வாங்கியாறீங்களா? கேன்டீன் வேணாம். கேட்டுக்கு வெளிய இருக்குதே, அந்தக் கட."

எத்தனை மரியாதையாக ஒரு மனிதனை வெளியே அனுப்புகிறார்கள் பாருங்கள்! டீயோடு திரும்பி வந்தேன். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். என்னதான் பேசினீர்கள் என்று பாவாவைக் கேட்டேன். "ஒண்ணும் பேசல" என்றார். ஆனால், இந்த முறை சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாளும் வந்தார். அன்றைக்குப் பாவாவாகவே ஆரம்பித்தார். காவடி கட்டுவது எப்படி, தோளில் எங்கே துணி மடித்து வைக்க வேண்டும், வெயிலில் படி எப்படிச் சுடும்... எஸ்தரம்மா திருவிழா பார்க்காத ஆள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதானே! கால் போய்விட்டால் மலை ஏற முடியாது — இதுதான் பாவாவின் கவலை!

"பாவா, இதுக்கா இவ்ளோ யோசன? மலை மேல வரைக்கும் ரோடு போட்டு எத்தினி காலம் ஆச்சு! கார்லயே கோயில் வாசல்ல எறங்கலாமே!"

பாவா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். எஸ்தரம்மா மெல்லத் திரும்பினார். "சார்... டீ?"

போனேன். வேறு என்ன செய்ய? அன்றைக்குக் கடையில் கூட்டம். திரும்பி வந்து வார்டுக் கதவருகே நின்றபோது பாவாவின் குரல் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

"யம்மா... வெட்டுன கால இன்னா பண்ணுவாங்க?"

எஸ்தரம்மா அவசரப்படவில்லை. "ஏன் ஐயா கேக்கறீங்க?"

"சின்ன வயசுல ஒரு ஊர்ல வேலைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி பின்னால ஒரு குப்ப மேடு. நாயிங்க எதையோ இழுத்துகினு சண்ட போட்டுகினு இருந்துச்சி. கிட்ட போயி பாத்தேன்..." கட்டில் கிரீச்சிட்டது. "அது யாரு கையோ. இந்தக் காலு சாமி மல ஏறுன காலும்மா. எங்க நைனாவ பொதச்ச மண்ணுல நானும் முழுசா போவணும்னு நெனச்சிகினு இருந்தேன். பாதிய நாய்க்குப் போட்டுட்டு மீதிய மட்டும் எப்படி எடுத்துகினு போறது? அதுக்கு இப்பவே மொத்தமா போயிட்டா தேவல."

டீ கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. இத்தனை பேர் வந்தோம், இத்தனை புத்தி சொன்னோம். டாக்டர் முதல் நான் வரைக்கும் எல்லோரும் இனிமேல் பாவா எப்படி நடப்பார் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவர் யோசித்துக்கொண்டிருந்தது போகப்போகிற காலைப் பற்றி. அதற்கு ஒரு மரியாதை உண்டா இல்லையா என்பதைப் பற்றி.

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "சேச்சே, இந்தக் காலத்துல அப்படியெல்லாம் ஆவாது பாவா" என்றிருப்பேன்.

எஸ்தரம்மா சொன்னார்: "எனக்குச் சரியா தெரியலைங்க ஐயா. கேட்டுகினு வந்து சொல்றேன்."

எழுந்து போனார். ஆபரேஷன் தியேட்டரில் கேட்டார், டாக்டரிடம் கேட்டார், ஆபீஸிலும் கேட்டார். சாயந்திரத்துக்குள் திரும்பி வந்தார்.

"சாதாரணமா ஆஸ்பத்திரியே முறைப்படி எரிச்சிடுவாங்க. வெளிய போடறது இல்ல. ஆனா நீங்க எழுதிக் கேட்டா குடும்பத்துகிட்டயே குடுத்துடுவாங்க. எங்க வேணும்னாலும் அடக்கம் பண்ணிக்கலாம்."

பாவா அவர் பக்கம் திரும்பினார். "எங்க நைனா பக்கத்துல?"

"பண்ணலாம்."

"நீயும் கூட போவணும். எங்க பங்காளிங்கள நம்ப முடியாது, சண்ட போட்டுகினு கால நடு ரோட்டுல வெச்சிடுவாங்க."

"வரேங்க."

"ஆங்... அப்டீன்னா சரி. டாக்டர வரச் சொல்லு."

அவ்வளவுதான். அக்கா மூன்று நாள் அழுது நடக்காதது, நான் மேடைப் பேச்சு பேசி நடக்காதது, இப்படி நடந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அன்றைக்கு மத்தியானமே வெள்ளைத் துணி சுற்றி, பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பவித்ராவைப் பாவாவோடு விட்டுவிட்டு அக்காவும் எஸ்தரம்மாவும் காரில் ஏறினார்கள்; பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கால் இத்தனை கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திருத்தணி வரும்வரை நானும் பேசவில்லை. நம்புங்கள்.

பாவா சொன்னது சரியாகத்தான் இருந்தது. இடுகாட்டு வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

முதல் பிரச்சினை, பொம்பளைகள் உள்ளே வரலாமா?

"ஆளு உசுரோட ஆஸ்பத்திரில கஞ்சி குட்சிகினு கீறாரு. இது காலு. நான் வருவேன்" என்றாள் அக்கா. அதை எதிர்த்துப் பேச யாரிடமும் சட்டம் இல்லை. எஸ்தரம்மாவும் அவளோடு உள்ளே வந்துவிட்டார்.

அடுத்தது, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? ஆளைப் புதைத்தால் தலை தெற்கே. காலுக்கு எது தலை? முட்டிப் பக்கமா, விரல் பக்கமா? பாவாவின் பங்காளிகளில் ஒருவர் முட்டி என்றார். இன்னொருவர் முறைத்தார். அப்புறம் தீட்டு. தீட்டு உண்டென்றால் எத்தனை நாள்? பால் தெளிப்பதா வேண்டாமா?

"கால பொதச்சிட்டு நாம தீட்டு காக்கறோம், ஆளு திரும்பி வந்து பிரியாணி கேட்டா இன்னா பண்றது?" என்று பெரிய பங்காளி நிஜமாகவே கவலைப்பட்டார்.

யாருக்கும் வழி தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் எஸ்தரம்மாவைப் பார்த்தார்கள். "யம்மா, உங்க வேதத்துல இன்னா போட்டுக்கீது?"

"காலுக்குன்னு தனியா எங்களுக்கும் ஒண்ணும் இல்லீங்களே!"

முதலில் சிரித்தது அக்காதான். இத்தனை நாளில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பங்காளிகளும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் எஸ்தரம்மா அக்காவின் தோளைத் தொட்டார்.

"அக்கா, இந்தக் காலு எங்கெங்க போச்சுன்னு சொல்லுங்க. கேட்டுட்டு மண்ணு போடலாம்."

அக்கா யோசித்தாள். "என்ன பொண்ணு பாக்க வந்துச்சு. பஸ்ஸு ஸ்ட்ரைக்கு அன்னிக்கு. கூட வந்தவங்கல்லாம் திரும்பிப் பூட்டாங்க, இவரு மட்டும் நடந்தே வந்தாரு... பவித்ராவ தோள்ல குந்த வெச்சிகினு ஸ்கூலுக்குப் போச்சு. வருசா வருசம் மல ஏறுச்சு." நிறுத்தினாள். "சாராயக் கடைக்கும் போச்சு. அத்த சொல்லலாமா?"

"சொல்லுங்க. அதுவும் இந்தக் காலுதானே?"

"போச்சு. அப்புறம் நின்னுட்ச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்தரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ விபூதி தூவினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். விரல்களை மலையைப் பார்த்த மாதிரி வைத்து, பாவாவின் நைனா பக்கத்தில் மண் போட்டோம். எஸ்தரம்மா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஜெபம் செய்தார். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் அது வித்தியாசமாகவும் படவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவரிடம் கேட்டேன்.

"மேடம், நீங்க பாஸ்டர். இத்தனை நாள்ல எங்க பாவாகிட்ட உங்க சாமியைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலையே... உங்களுக்குக் குறையா இல்லையா?"

"எங்க சாமி போகச் சொல்லித்தானே சார் நான் உங்க பாவா பக்கத்துல வந்து உக்காந்தேன்? தெனம் காலையில அவருகிட்ட பேசிட்டுத்தான் வார்டுக்குள்ள வரேன். அந்த தெம்பு இல்லேன்னா அந்த வார்டுல ஒரு மணி நேரம் என்னால இருக்க முடியாது. கேக்கறவங்களுக்குச் சொல்லுவேன். ஐயா கேட்டது அவரு காலப் பத்தி."

"இதுக்கெல்லாம் நிஜமாவே படிப்பு இருக்கா?"

"இருக்குதுங்க. குறுக்க பேசாம கேக்கறதுக்குன்னு ட்ரெய்னிங் குடுத்து, பரீட்ச வெப்பாங்க. நான் மொத தடவ ஃபெயிலு."

எனக்கு அந்தப் பரீட்சை வைத்தால் ஹால் டிக்கெட் வாங்கும்போதே ஃபெயிலாக்கி அனுப்பிவிடுவார்கள்.

வார்டுக்குப் போனதும் பாவா கேட்ட முதல் கேள்வி, "மல தெரியுதா அங்க இருந்து?"

"நல்லா தெரியுது" என்றாள் அக்கா.

பாவா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம் கசிந்தது. துடைக்கவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. "சரி. அது முன்னால போயி எடம் புட்ச்சி வெச்சிருக்கட்டும். நான் பொறுமையா வரேன்" என்றார்.

ஆறுதல் சொல்வது நமக்கெல்லாம் கைவந்த கலை. சாத்துக்குடிப் பையை நீட்டுவோம், நாலு உதாரணம் சொல்வோம், "எல்லாம் சரியாயிடும்" என்போம். எது சரியாக வேண்டும் என்று அந்த ஆளைக் கேட்கிறோமா? கேட்டாலும், அவர் வாயைத் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். நோயாளியின் பயத்தைத் தாங்க முடியாமல் நம் பயத்துக்கு நாமே பேசிக்கொள்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் பாவாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் தெளிவு வந்துவிட்டது. எதிர்க் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். காலில் பெரிய கட்டு. பக்கத்தில் அவர் மனைவி, சின்ன வயசு.

வார்டுக் கதவு திறந்தது. வெளிர்நீலப் புடவை. கையில் பைபிள். எஸ்தரம்மா நேராக எதிர்க் கட்டிலை நோக்கி நடந்தார்.

"ஐயோ! டாக்டரு ஒண்ணும் ஆவாதுன்னாரே..." அந்தப் பெண் அலற ஆரம்பித்தாள்.

ஆயுசில் அதிகம் பேசாத பாவா, இட்லித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, வார்டே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"யம்மா, கம்முனு இரு! பயப்படாத! இந்தம்மா ரொம்ப நல்லவங்க! என் கால இவங்கதான் கூட இருந்து பொதச்சாங்க! என்ன பாரு, ஜம்முனு குந்திகினு இட்லி துன்னுகினு கீறேன்!"

அந்தப் பெண் பாவாவின் காலைப் பார்த்தாள். எஸ்தரம்மாவைப் பார்த்தாள். அடுத்து அவள் போட்ட கூச்சலுக்கு முன்னால் என் அக்கா போட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். வாயையும் திறந்துவிட்டேன்.

எஸ்தரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டீ வாங்கக் கிளம்பிவிட்டேன்.